குடிக்காதவருக்கு வைத்த படையல்

எங்கள் பக்கத்தில் சட்டசபைக்குப் போக ஆசைப்படுகிறவர் முதலில் சாவு வீட்டுக்குப் போகிறார். புதுச்சேரித் தொகுதிகள் சின்னவை. ஒரு சாவு என்றால் பங்காளிகள், சம்பந்திகள், எதிர்வீட்டுக்காரர்கள் என்று ஒரு தெருவே தானாகக் கூடிவிடும். மேடை போட வேண்டாம், ஆட்களை வேனில் ஏற்றி வர வேண்டாம். கூடியவர்கள் எல்லோரும் பேசாமல் நிற்பார்கள். அரசியல்வாதிக்கு இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது.

நான் அப்போது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துப் பகுதிக்கு ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். பிழைப்புக்கு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். எழுதியதில் பாதி, யார் எந்தச் சாவுக்கு மாலை போட்டார் என்ற செய்திதான்.

நான் சொல்லும் தலைவர் அந்தச் சமயம் எந்தப் பதவியிலும் இல்லை. அடுத்த தேர்தலில் சீட்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டி மூன்று வாங்கி, ஊர்களுக்கு இலவசமாக விட்டிருந்தார். பெட்டியின் கால்மாட்டில் அவர் கைகூப்பி நிற்கும் ஸ்டிக்கர். இறந்தவரின் பாதங்களுக்குக் கீழே அவர் சிரித்துக்கொண்டிருப்பார். பெட்டி போன வீட்டுக்கு அவரும் போவார். அவர் வந்து மாலை போடாமல் பிணத்தை எடுப்பதில்லை என்பது இரண்டு வருடத்தில் வழக்கமாகிவிட்டது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை.

மாலை போட்டதும் ஐந்து நிமிடம் பேசுவார். பேச்சு எப்போதும் ஒழுக்கத்தைப் பற்றியது. பொது வாழ்க்கைக்கு வருகிறவன் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பார். குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பார். மது இல்லாத தொகுதி என்பது அவருடைய முழக்கம். பேனர்களிலும் அதுதான் இருக்கும். அவர் விஷயத்தில் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் குடித்ததே இல்லை. பீடி, வெற்றிலை, டீ எதுவும் கிடையாது. வெந்நீர் மட்டும் குடிப்பார்.

ஆற்றங்கரைச் சாராயக்கடை அவருடையது. மச்சான் பெயரில் ஏலம் எடுத்திருந்தார். ஏலத்தன்று கலால் அலுவலக வாசலில் காரில் உட்கார்ந்திருந்தவர் தலைவர், உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டவர் மச்சான். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே சாராயத்துக்கு அனுமதி இல்லை என்பதால் காலையிலேயே ஆட்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். கடை யாருடையது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நிருபர்களான எங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். டீக்கடைக்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "காலையில குடிக்காதன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு, சாயந்திரம் ஊத்திக் குடுக்கறதுக்கு ஒரு ஆளு. ரெண்டு பேருக்கும் ஒரே வூட்டுலேர்ந்துதான் சோறு. நீ எழுதேன் பாக்கலாம்."

நான் எழுதவில்லை.

அந்தக் கடையில் ஊற்றிக் கொடுத்தவர் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். இருபது வருடமாகச் சாராயக்கடைகளில்தான் வேலை. ஏலம் யாருக்குப் போனாலும் கடையோடு சேர்ந்து அவரும் போவார். புது முதலாளிகள் அவரை விடமாட்டார்கள், ஏனென்றால் அவர் குடிக்கமாட்டார். சாராயக்கடையில் குடிக்காத ஆள் கிடைப்பது கஷ்டம். இரும்புக் கம்பித் தடுப்புக்கு உள்ளே நின்று, நீட்டுகிற டம்ளரில் அளவு பிசகாமல் ஊற்றுவார். அளவுக்கு மேல் போனவனைப் பார்த்து, "போதும்பா, வூட்டுக்குப் போ" என்பார். வேலை முடிந்ததும் அங்கேயே போர் தண்ணீரில் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் புறப்படுவார். ஆனாலும் வாசனை போகாது என்று அவர் மனைவி பின்னால் என்னிடம் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகள். நர்சிங் முடித்திருந்தாள். கரையாம்புத்தூரில் மாப்பிள்ளை பார்த்து, பூ வைத்து முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நகை பற்றிக்கூட அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: பெண்ணின் அப்பா குடிப்பாரா? அவர்களுடைய மூத்த மருமகன் குடித்தே செத்திருந்தான். இன்னொரு குடிகார வீட்டோடு சம்பந்தம் வைப்பதில்லை என்று மாப்பிள்ளையின் தாய் உறுதியாக இருந்தார். பெண்ணின் அப்பா சாராயக்கடையில் வேலை செய்தார் என்பது அவர்களுக்குத் தெரியும். குடிக்கமாட்டார் என்று மூன்று ஊர்க்காரர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை அவர் செத்துப்போனார்.

ஊருக்குச் சொல்லப்பட்டது இது: ஆற்றுக்குப் போகும் பாதையில், புளியமரத்தடியில் குடித்துவிட்டு விழுந்து கிடந்தார். கடை ஆட்கள் பார்த்து, குட்டி யானை வேனில் தூக்கிப்போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். நான் போனபோது சட்டை முழுக்கச் சாராய வாடை. முற்றத்தில் உறவுக்காரப் பெரியவர்கள் அவசரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போலீசுக்குச் சொல்லணுமா?"

"சொன்னா பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போயி அறுப்பாங்க. மூணு நாளு ஆவும். முழு ஒடம்பா வராது."

"வயசுப் பொண்ணு வச்சினு இருக்கறாங்க. எதுக்குடா அந்த வேலை? மாரடைப்புன்னு முடிச்சிடு."

எங்கள் ஊர்களில் சாவைவிட அதிகம் பயப்படுவது பிண அறுவைக்குத்தான். அறுக்காமல் எடுப்பதை இறந்தவருக்குச் செய்யும் மரியாதையாக நினைக்கிறார்கள். அன்று அவர்கள் அந்த மரியாதையைச் செய்தார்கள். அதோடு சாட்சியும் போனது.

என் நோட்டுப் புத்தகத்தில் அன்றைய குறிப்பு இருக்கிறது. நேரம், சட்டையின் நிறம், மழை. அதற்குக் கீழே: வலது உள்ளங்கையில் குறுக்கே கறுப்புக் கோடு, விரல் அகலம். பார்த்தேன், குறித்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அது பெரிய சாவு இல்லை.

ஃப்ரீசர் பெட்டி வந்தது. தலைவர் மதகடிப்பட்டில் ஒரு காதுகுத்து விழாவில் இருந்தார். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து, பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். தலைவர் வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு நடந்து வந்தார். மாலையைப் போட்டார், கண்ணை மூடி நின்றார், பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்தச் சகோதரனைக் கொன்னது யாரு? எமனா? இல்ல. சாராயம். இன்னைக்கு ஒரு தாலி அறுந்துடுச்சு. நாளைக்கு யாரு வூட்டுத் தாலி? யோசிச்சிப் பாருங்க."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி நிமிர்ந்தார். "அவரு குடிக்கமாட்டாருங்க" என்றார். சத்தமாக இல்லை. ஆனால் பேச்சின் நடுவில் விழுந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"சும்மா இருடி, தலைவரு பேசறாரு" என்று பக்கத்தில் இருந்தவள் தோளை அழுத்தினாள்.

தலைவர் கோபப்படவில்லை. குனிந்து, அந்த அம்மாவின் தலையில் கை வைத்தார். "எல்லாப் பொண்டாட்டிங்களும் இப்படித்தாம்மா சொல்வாங்க. புருஷன வுட்டுக் குடுக்க மாட்டாங்க. அதுதான் நம்ம பெண்களோட பெருமை" என்று கூட்டத்துக்குச் சொன்னார். பல பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர் சொன்ன உண்மையை அவருடைய நல்ல குணமாக மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு அந்த உண்மைக்கு வேலை இல்லை. இதை நான் அன்று கற்றேன்.

அன்று சாயந்திரம் தலைவரின் உதவியாளர் வாட்ஸ்அப்பில் செய்திக்குறிப்பு அனுப்பினார். குடிப்பழக்கத்துக்கு ஆளாகி உயிரிழந்த தொழிலாளியின் உடலுக்குத் தலைவர் மலரஞ்சலி, மதுவுக்கு எதிராக நடைப்பயணம் அறிவிப்பு. நான் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தி அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பினேன். மறுநாள் படத்தோடு வந்தது.

நான்காம் நாள் அந்த அம்மா என் கடைக்கு வந்தார். துக்க வீட்டுப் பெண் வெளியே வரக்கூடாது என்பார்கள். வந்துவிட்டார். கையில் செய்தித்தாள் கத்தரிப்பு. அது கரையாம்புத்தூரிலிருந்து ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியது. கூடவே ஒரு கேள்வியும் வந்திருந்தது: இது என்ன?

"இது நீங்க எழுதினதா சார்?"

"தலைவர் கொடுத்த செய்திம்மா. நான் அனுப்பினேன்."

"எங்கூட்டுக்காரரு குடிச்சத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"கையப் பாத்தீங்களா? குளிப்பாட்டும்போது நான் பாத்தேன். வெந்து போயி கெடந்துது."

"பார்த்தேன்."

"அப்ப ஏன் சார் எழுதல?"

"யாரும் சொல்லலம்மா."

அவர் கத்தரிப்பை என் மேசையில் வைத்தார். "அவரு பேரு கெட்டுப்போனது எனக்குப் பெருசில்ல. செத்தவருக்கு இன்னா? எம்பொண்ணு கல்யாணம் நின்னுடும். குடிக்காத ஆளுன்னு ஒரு வரி போடுங்க சார். ஒரே ஒரு வரி."

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு விதி உண்டு. செய்தி கொடுத்தவரே மறுப்பும் கொடுக்க வேண்டும். நான் அந்த விதியை அவருக்கு விளக்கினேன். பொறுமையாக, மரியாதையாக விளக்கினேன். உதவியாளருக்கு அவர் எதிரிலேயே போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன், என் நேர்மை தெரியட்டும் என்று.

"இன்னா சார் நீங்க? செத்தவன் குடிச்சானா இல்லையான்னு நாங்க சர்ட்டிபிகேட் குடுக்கணுமா? நடைப்பயணம் போஸ்டர்லயே அந்தச் சாவ போட்டுட்டோம். வைங்க."

அந்த அம்மா கத்தரிப்பை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "சரி. நானே காட்டறேன்" என்றார்.

அவர் காட்ட நினைத்த வழி இது. எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியத்தில், இறந்தவரின் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பார்கள். கறிக்குழம்பு, கருவாடு, அதிரசம், பீடிக்கட்டு. குடிப்பவராக இருந்தால் பாட்டில் கட்டாயம். இருக்கும்போது திட்டித் தீர்த்த மனைவிகூட அன்று வாங்கி வைப்பாள். வைக்காவிட்டால் ஆத்மா சுற்றிச் சுற்றி வரும் என்று பயம். ஆகவே ஒருவர் குடித்தாரா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் எங்கள் ஊரில் டாக்டரைக் கேட்க வேண்டாம், படையலைப் பார்த்தால் போதும். படையலில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள்.

அவர் கரையாம்புத்தூருக்குச் சொல்லி அனுப்பினார்: காரியத்துக்கு வாங்க, வந்து படையலைப் பாருங்க. எங்க வூட்டு இலையில பாட்டில் இருந்தா பூவைத் திருப்பிக் குடுத்துடறேன்.

இடையில் சாராயக்கடையில் வேலை செய்த ஒருவரை டீக்கடையில் பிடித்தேன். என்ன நடந்தது என்று கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது டீயில் சொன்னார். மழையில் தகரக் கொட்டகையின் கரண்ட் ஒயர் அறுந்து கம்பித் தடுப்பின் மேல் கிடந்தது. காலையில் கடை திறக்க வந்தவர் கம்பியைப் பிடித்தார். அவ்வளவுதான். மச்சான் வந்தார், போனில் யாரிடமோ பேசினார். பிறகு இரண்டு பேர் தூக்கிக் கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் போட்டார்கள். ஒரு டம்ளர் சாராயத்தைச் சட்டையில் ஊற்றினார்கள்.

"யார் ஊற்றினது?"

"நாந்தான் சார்" என்றார். "ஊத்தும்போது அவரு சொல்வாரே, போதும்பான்னு, அந்த மாதிரியே கேட்டுது."

"இதைச் சொல்வீர்களா, எழுத?"

"இன்னா சார் பேசறீங்க? எனக்குப் புள்ளகுட்டி இல்லையா?"

காரியத்தன்று நான் போனேன். மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் மாப்பிள்ளையின் அத்தையும் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று இலை போட்டிருந்தார்கள். சோறு, கறி, முட்டை, வடை, வாழைப்பழம், ஒரு பாக்கெட் பிஸ்கட். பிஸ்கட்டைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் தாய்க்கு முகம் இளகியது. "பிஸ்கட்டா புடிக்கும் அவருக்கு?" என்றார். "டீல நனைச்சித் துண்ணுவாருங்க. அதான் அவருக்குப் போதை" என்றார் அந்த அம்மா. அத்தைகூடச் சிரித்தார். மகள் சுவரோரமாக நின்றிருந்தாள். அந்தப் பத்து நிமிடம் கல்யாணம் நிச்சயமாக இருந்தது.

பிறகு தலைவர் வந்தார். காரியங்களுக்கும் அவர் வருவார். அவருக்குப் பின்னால் கடை ஆட்கள் நான்கு பேர், டீக்கடையில் என்னிடம் பேசியவர் உட்பட. அவர் கையில் ஒரு மஞ்சள் பை. கடைக்கு வழக்கமாக வருகிறவர் யார் செத்தாலும் காரியத்துக்குக் கடையிலிருந்து ஒரு பாட்டில் போகும். பல வருடப் பழக்கம். ஏலம் எடுத்தவர்கள் மாறினாலும் அது மாறவில்லை. வாடிக்கையாளருக்கே கொடுக்கிற மரியாதையைக் கடையிலேயே இருபது வருடம் நின்றவருக்குக் கொடுக்காமல் விடலாமா? யாரும் யோசிக்கவில்லை. தலைவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, நடு இலையின் ஓரத்தில் வைத்து, விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது அவர் கண்ணில் தண்ணீர். உண்மையான தண்ணீர்.

நான் படம் எடுத்தேன். கை தானாக எடுத்தது.

"யோவ், இன்னாய்யா வச்ச?" என்று அந்த அம்மா பாய்ந்தார். பாட்டிலைத் தட்டிவிட்டார். சோற்றில் கவிழ்ந்து ஓடியது. இலையில் வைத்ததைக் காக்கைக்கு எடுப்பதற்கு முன் கலைக்கக்கூடாது. கிழவிகள் கத்தினார்கள்.

"இன்னாடி பண்ற? அவன் ஆசைப்பட்டத வந்து தள்ளிவுடற!"

"அவரு ஆசப்படல! அவரு குடிக்கல! சொல்லுய்யா, நீ சொல்லுய்யா, அவரு குடிச்சாரா?" என்று அந்த ஆளின் சட்டையைப் பிடித்தார். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணைத் திறந்திருந்தார். அந்த ஆள், "செத்தவரப் பத்தி எதுக்குமா இப்ப" என்றார்.

மாப்பிள்ளையின் தாய் நாற்காலியிலிருந்து எழுந்தார். "வாங்க போலாம்" என்றார். அத்தை வாசலில் நின்று, "பிஸ்கட்டாம் பிஸ்கட்டு" என்றார். சாப்பிடாமல் போனார்கள். சாவு வீட்டில் சாப்பிடாமல் போனால் உறவு முறிந்தது என்று அர்த்தம்.

என் போனில் இருந்த படம் நல்ல படம். இடது பக்கம் தலைவர், கைகூப்பி, கண் மூடி. கீழே, அவர் கடைப் பாட்டில். மது இல்லாத தொகுதி கேட்பவர் சாராயத்தைக் கும்பிடுகிறார். எந்த ஆசிரியரும் முதல் பக்கத்தில் போடுவார் என்று நினைத்தேன். அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அதைக் காட்டி மறுப்பை வாங்கிவிடலாம் என்று தலைவரின் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். ஆபீஸ் அறையில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்லா எடுத்திருக்கீங்க" என்றார்.

"அவர் குடிக்கமாட்டார் என்று ஒரு வரி கொடுத்தால் போதும். இதை நான் அழித்துவிடுகிறேன்."

"போடுங்களேன்" என்றார். "இதப் பாக்கறவன் இன்னா நெனப்பான்? படையல்ல பாட்டில் இருக்குதுன்னா செத்தவன் குடிச்சான்னு அர்த்தம். நான் கும்புட்டது செத்தவன. அவன் இலையில இன்னா இருக்குதுன்னு நானா பாக்கறது? உங்க பேப்பர்லயே வந்துட்டா அந்தப் பொண்ணுக்கு இந்த ஜில்லாலயே மாப்பிள்ள கெடைக்காது."

அவர் சொன்னது சரி. அந்தப் படம் அவருக்கு எதிரான சாட்சி இல்லை, செத்தவருக்கு எதிரான சாட்சி. இதை நான் பஸ்சில் வரும்போதே யோசித்திருக்க வேண்டும்.

"பொண்ணு கல்யாணந்தான பிரச்சனை? அத முன்னாடியே சொல்றதில்லையா?" என்றார் தலைவர். கரையாம்புத்தூருக்கு அவரே போன் போட்டார். மாப்பிள்ளையின் தகப்பனிடம் பேசினார். "அண்ணே, அந்தாளு குடிச்சாரு, செத்தாரு. பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு? குடிகாரன் பொண்ணுக்கு வாழ்க்கை குடுக்கறதுதாண்ணே பெரிய மனசு. நானே தாலி எடுத்துக் குடுக்கறேன். மண்டபம் என்னுது. ஊரே உங்களப் பத்திப் பேசும்." கொஞ்ச நேரம் கேட்டார். "சரிங்க அண்ணே. நல்லா இருங்க." வைத்துவிட்டார். ஒரு குடும்பம் பல மாதம் கேட்ட கேள்வி இரண்டு நிமிடத்தில் காணாமல் போனது.

"அந்தம்மாவ நடைப்பயணம் முடியற அன்னைக்கு மேடைக்கு வரச் சொல்லுங்க. நாலு வார்த்தை பேசட்டும். உண்மையத்தான பேசப் போறாங்க" என்றார். அப்போது அவர் முகத்தில் கேலி இல்லை. அவர் நம்பினார். அவருக்கு எதிராக நான் சொல்லக்கூடியதில் இதுதான் மோசமானது.

அந்தச் செய்தியைக் கொண்டுபோனவன் நான். அந்த அம்மா காரியத்துக்கு இரவல் வாங்கிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தேன். சாம்பல் கையோடு எழுந்து நின்றார்.

"பேசலன்னா?"

"கல்யாணம் நடக்காதும்மா."

"எத்தினி நிமிஷம் பேசணும்?"

"நாலு வார்த்தை என்றார்."

மறுபடி உட்கார்ந்து அண்டாவைத் தேய்த்தார். நான் கிளம்பும்போது, "எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. எனக்கு அந்த மாதிரி இன்னா சொல்றதுன்னு தெரியாது. நான் அப்படிப்பட்ட ஆளு கூட வாழல" என்றார்.

நடைப்பயணம் மதகடிப்பட்டில் முடிந்தது. நாற்சந்தியில் மேடை. கூட்டம் சேர வேண்டும் என்பதற்காக அன்று ஆற்றங்கரைக் கடைக்கு அரை நாள் விடுமுறை விட்டிருந்தார்கள். கடை ஆட்கள் கொடி பிடித்து முன் வரிசையில் நின்றார்கள். அந்த அம்மாவிடம் உதவியாளர் ஒரு தாளைக் கொடுத்திருந்தார். இரண்டு வரி தடுமாறிப் படித்தார். ஏழாவது வரை படித்தவர், ஆனால் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைக்கில் தாளின் சத்தம் கேட்டது. முன்னால் நின்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதை அந்த அம்மா கவனித்திருக்க வேண்டும். தாளைக் கீழே வைத்தார்.

"தெனம் குடிச்சிட்டு வருவாரு" என்றார். கூட்டம் அடங்கியது. "வந்து சோத்துத் தட்ட எட்டி ஒதைப்பாரு. எம்பொண்ணு நடுங்கினு மூலையில நிக்கும். எங்கையப் பாருங்க, இது அவரு ஒடச்ச கை." முழங்கையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். சின்ன வயதில் மாடு முட்டி உடைந்த கை அது என்று அவர் தெருக்காரர்களுக்குத் தெரியும். அவர்களும் அழுதார்கள். தலைவர் கைக்குட்டையை எடுத்தார். அந்த அம்மா பதினைந்து நிமிடம் பேசினார். இறங்கும்போது கைதட்டல். அந்தக் கைதட்டலை அவர் கொஞ்சம் நின்று கேட்டார்.

நான் முழுவதும் எழுதினேன். படத்தோடு வந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தலைவர் தாலி எடுத்துக் கொடுத்தார். பிறகு அவருக்குச் சீட்டும் கிடைத்தது. அந்த அம்மா எல்லாக் கூட்டத்திலும் பேசினார். வில்லியனூர்ப் பக்கம்கூடக் கூட்டிப் போனார்கள். ஒவ்வொரு ஊரிலும் செத்தவர் கொஞ்சம் கொஞ்சமாக மோசமானார். ஒரு ஊரில் மூக்குத்தியைப் பிடுங்கினார், இன்னொரு ஊரில் வீட்டுக்குத் தீ வைக்கப் போனார். பேச்சு நன்றாக இருந்தது. அவரைவிட நன்றாகப் பேசும் ஆள் கட்சியில் இல்லை.

போன மாதம் மகள் என் கடைக்கு வந்தாள். அம்மாவின் ரேஷன் கார்டிலிருந்து தன் பெயரை நீக்கிப் புருஷன் வீட்டில் சேர்க்க நகல் எடுக்க வேண்டும். ஏழு மாதக் கர்ப்பம். புருஷன் ரோட்டுக்கு எதிரில் வண்டியில் உட்கார்ந்திருந்தான். நகல் எடுத்து முடித்த பிறகும் அவள் நின்றாள்.

"சார், ஒண்ணு கேட்கணும். எங்கப்பா குடிப்பாரா?"

நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினேன்.

"எங்க மாமியா ஏதாவது ஒரு சண்டன்னா குடிகாரன் பொண்ணுன்னுதான் ஆரம்பிக்கறாங்க. மொதல்ல எதுத்துப் பேசினேன். எங்கம்மா மேடையில பேசினத போன்ல போட்டுக் காட்டறாங்க சார். நான் மூலையில நடுங்கினு நிப்பேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா அவரு வரும்போது வாசனை வரும். அது நெஜம். நான் பாதித் தூக்கத்துல இருப்பேன். தட்டு உழுந்த மாதிரி சத்தம்கூட ஒருவாட்டி கேட்டிருக்கேன். இப்ப யோசிச்சா, அது அதுதானோன்னு இருக்குது."

"அவர் குடிக்கமாட்டார்" என்றேன்.

"நீங்கதான சார் பேப்பர்ல எழுதினீங்க?"

"தப்பாக எழுதினேன்."

அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப எங்கம்மா பொய் சொல்லுதா? ஊரு ஊராப் போயி, எங்கப்பாவப் பத்தி? எதுக்கு?"

எதற்கு என்பதற்குப் பதில் அவள்தான். அவள் கழுத்தில் இருந்த தாலி, அவள் வயிறு, எதிர்ப்பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த வண்டி. சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கு அப்பா திரும்பக் கிடைப்பார், அம்மா போய்விடுவார். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம். அவள் போக வேண்டியது அம்மா வீட்டுக்குத்தான்.

"அம்மா பொய் சொல்லாது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது. "அதான் சார் நானும் நெனச்சேன்" என்றாள். நகல்களை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாக ரோட்டைக் கடந்து போனாள்.